மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொழில்நுட்ப அனுபவம் ஒன்று

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வடபகுதிமீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. தடுக்கப்பட்ட பொருள்களுள் பெற்றோல் முதன்மையானது. அவ்வாண்டிலேயே குடாநாட்டிற்கான மின்சாரமும் நின்றுபோயிற்று. மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் மட்டுப்படுத்தப்பட்ட அளவிலும் உயர்ந்த விலையிலும், மக்களுக்குக் கிடைத்து வந்தது. இந்நிலையில் யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் தொழில் புரிந்தோர் பெற்றோலுக்கென அமைந்த கார் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தனர். இதனைச் சாமர்த்தியம் என்று வியந்து கடந்துவிடுவதே நம்மிடையே வழக்கமாகியுள்ளது. இச்செயலின் அறிவியல் அடிப்படையை விளக்குவதும், அதற்குக் கொடுக்கப்பட்ட விலையை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது தடை ஆவியாதல் பற்றியது. எரிபொருள் காற்றுடன் ஆவியாகக் கலந்தாலன்றித் தீப்பொறியால் அது செவ்வனே எரியாது. பெற்றோலின் இலேசான கூறுகள் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகின்றன. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்குகின்றது. ஆதலால் குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெய் கொண்டு இயக்குதல் அரிது. காபரேற்றரில் சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை இதனாலேயே தோன்றிற்று. பெற்றோல் துளித்துளியாகக் கணக்கிட்டுச் செலவிடப்பட்டது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோரும் சிறு போத்தலில் பெற்றோலை உடன் கொண்டு திரிந்து இவ்வாறே செய்தனர்.

இரண்டாவது தடை எளிதிற் புலப்படாதது. சிலிண்டருள் எரிபொருட் கலவை அமுக்கப்படும்போது அது சூடேறுகின்றது. தீச்சுவாலை வந்து சேருமுன்னரே கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்குமாயின் எஞ்சின் உலோக ஓசையுடன் அடிக்கத் தொடங்கும். இதனைத் தாங்கும் ஆற்றலையே ஒக்ரேன் எண் குறிக்கின்றது. இலங்கையில் விற்கப்படும் சாதாரண பெற்றோலின் ஒக்ரேன் எண் 92 ஆகும். மண்ணெண்ணெயின் எண் இதனிலும் மிகத் தாழ்ந்தது. எனவே கலவையை மிகுதியாக அமுக்கும் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஒவ்வாது.

குடாநாட்டின் பழைய கார்கள் இங்குதான் முக்கியத்துவம் பெறுகின்றன. 1950களின் முற்பகுதியில் வந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலியவற்றின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7 மட்டுமே. இன்றைய பெற்றோல் கார்களில் அது 10 அளவிலோ அதற்கு மேலோ உள்ளது. தரங்குறைந்த பெற்றோலுக்கென அன்று வகுக்கப்பட்ட எஞ்சின், பல பத்தாண்டுகள் கழித்து மண்ணெண்ணெயையும் ஒருவாறு ஏற்றுக்கொண்டது. எஞ்சின் அடிப்பதை மேலும் குறைப்பதற்கு, தீப்பொறி பாயும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்யலாம். தடித்த காஸ்கற் இட்டு அமுக்க விகிதத்தையே தாழ்த்தலாம்.

இத்தத்துவம் உலகிற்குப் புதியதன்று. 1949இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஃபேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெயை ஒத்த ஓர் எண்ணெயில் ஓடுமாறு ஆலையிலேயே அமைக்கப்பட்டது. அதன் அமுக்க விகிதமும் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருந்தது. குடாநாட்டுத் தோட்டக்காரருக்கும் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் நன்கு பழகியதே. வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடியில் பெற்ற அனுபவம் கார் திருத்துவோருக்குத் துணைநின்றிருக்கும் எனக் கருதுதல் பொருந்தும்.

இம்மாற்றத்தால் எரிபொருட் சிக்கனம் ஏற்பட்டதா என்பது அடுத்த வினா. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 35 மெகாயூல் சக்தியும், ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32 மெகாயூல் சக்தியும் அடங்கியுள்ளன. இதனை மட்டும் நோக்கின் மண்ணெண்ணெயில் கூடிய தூரம் ஓடலாம் என்றே தோன்றும். ஆனால் எஞ்சினின் வினைத்திறன் அமுக்க விகிதத்தைச் சார்ந்தது. இலட்சியச் சக்கரத்திற்குரிய கணிப்பின்படி, விகிதம் 7 ஆயின் வினைத்திறன் ஏறத்தாழ 54 வீதம்; அதனை 5 ஆகக் குறைப்பின் 47 வீதத்தை அண்மும். உண்மையான எஞ்சினில் இரண்டுமே இதனிலும் வெகு குறைவாயினும், வீழ்ச்சியின் போக்கு இதுவே. தீப்பொறியைப் பிந்தச் செய்வதாலும், முற்றாக ஆவியாகாத எண்ணெய் எரியாமலே வெளியேறுவதாலும் மேலும் இழப்பு உண்டாகின்றது. ஆகவே மண்ணெண்ணெய் கார்களை ஓடவைத்ததேயன்றிச் சிக்கனத்தை அளித்ததெனக் கூறமுடியாது.

வேறு விலையும் கொடுக்கப்பட்டது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். அதனால் தேய்வு மிகும். பிளக்கில் கரி படியும். புகையையும் நெடியையும் வண்டியில் இருந்தோர் மட்டுமன்றி வீதியில் சென்றோரும் சுவாசித்தனர். அனைத்திலும் மேலாக, காரில் எரிந்த ஒவ்வொரு போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு வீட்டின் விளக்கிற்கோ ஒரு தோட்டத்தின் இறைப்பிற்கோ உரியதாக இருந்தது. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, அவ்வொளியில் மாணவர் பரீட்சைக்குப் படித்த காலம் அது. நோயாளியை ஏற்றிச் சென்ற காரும் படிக்கும் பிள்ளையின் விளக்கும் ஒரே எண்ணெய்க்குப் போட்டியிட நேர்ந்தமை தொழில்நுட்பத்தின் குறைபாடன்று, தடையின் விளைவு. மக்களின் திறமையைப் போற்றும் நாம், அத்திறமையை வேண்டிநின்ற நிலைமையைப் போற்றிவிடலாகாது.

2022இல் நாடு முழுவதும் எரிபொருள் நெருக்கடி ஏற்பட்டபோது இப்பழைய வழி பெரிதும் அடைபட்டிருந்தது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கும் மேலாக, உயர்ந்த அமுக்க விகிதமும், மின்னணு முறையில் எரிபொருளை விசிறும் அமைப்பும், புகைக்குழாயில் வினையூக்கியும் கொண்ட இன்றைய எஞ்சின்கள் இத்தகைய மாற்றத்தை ஏற்பனவல்ல. பழைய எஞ்சினைத் திறந்து, கண்ணாலும் காதாலும் அறிந்து திருத்த முடிந்தது. புதியதோ அதனை ஆக்கியோன் அனுமதிக்கும் அளவிற்கே பிறர் கைக்கு வசப்படுகின்றது. சிக்கனத்தில் முன்னேறியுள்ள எஞ்சின், பயன்படுத்துவோரின் சுதந்திரத்தைக் குறைத்துள்ளது என்பது சிந்திக்கத்தக்கது.

வெப்பவியக்கவியலைப் பாடநூலிற் கற்கும் நம் மாணவர், அதே விதிகளுக்குத் தம் ஊர்க் கராச்சில் விடை காணப்பட்டதை அறியாதிருத்தல் தகாது. எவ்வெஞ்சினில் எம்மாற்றம் செய்யப்பட்டது, எத்தனை மைல் ஓடிற்று, எப்பகுதி முதலிற் பழுதடைந்தது என்பனவற்றை அத்தொழிலாளரிடமே கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். அவர்களுட் பலர் முதுமையடைந்துவிட்டனர். எழுத்தில் வராத அறிவு அவர்களுடன் மறையுமுன் இப்பணியைப் பொறியியல் மாணவரும் வரலாற்று மாணவரும் இணைந்து மேற்கொள்ளுதல் நன்று.