இரண்டு பாதிரியார், இரண்டு வருஷக் கணக்கு!

மதுரை கீழவெளி வீதியில் தூய மரியன்னை பேராலயம் இருக்கிறது. டிசம்பர் 24-ந் தேதி நள்ளிரவில் அங்கே கூட்டம் நெரியும். குடிலில் வைக்கோல் பரப்பி, குழந்தை ஏசுவை வைத்து, விளக்கு ஏற்றி இருப்பார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு வாரத்தில் வருஷமும் முடிந்துவிடும். அப்போது பங்குச் சாமியார் பதிவேடுகளை எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். இந்த வருஷம் எத்தனை குழந்தைக்கு ஞானஸ்நானம்? எத்தனை கல்யாணம்? எத்தனை பேரை அடக்கம் செய்தோம்? பல கோவில்களில் டிசம்பர் 31-ந் தேதி இரவு இந்தக் கணக்கைச் சபையில் வாசிப்பதும் உண்டு.

இந்தக் கணக்கு மதுரைக்குப் புதிது அல்ல. 400 ஆண்டுகளுக்கு முன்பே, மதுரையில் இருந்த ஏசுசபைப் பாதிரிமார் வருஷந்தோறும் இப்படிக் கணக்கு எழுதினார்கள். அதற்கு "வருஷக் கடிதம்" என்று பெயர். அது கொச்சிக்குப் போகும். அங்கிருந்து கப்பல் ஏறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போய், ரோமாபுரியை அடையும். பதில் வருவதற்குள் இங்கே அடுத்த கிறிஸ்துமசும் வந்து போய்விடும்!

ஒரே வீடு

1606-ம் ஆண்டு நவம்பர் மாதம். முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் மதுரையை ஆண்ட காலம். ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் மதுரைக்கு வந்து சேர்ந்தார். பெரிய பிரபு குடும்பத்துப் பிள்ளை. வயது 29.

மதுரையில் அவருக்கு முன்பே ஒரு பாதிரியார் இருந்தார். அவர் பெயர் கொன்சாலோ பெர்னாண்டஸ். போர்த்துக்கீசியர். முன்னாள் சிப்பாய். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முத்துக்குளித்துறையில் இருந்து வியாபாரத்துக்கு வரும் பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்தார்.

மதுரை மக்கள் அவரை வெறுக்கவில்லை. ஆனால், 11 ஆண்டு உழைத்தும் மதுரைவாசி ஒருவர்கூட அவரிடம் ஞானஸ்நானம் பெறவில்லை. வருஷா வருஷம் அந்தக் கணக்கில் பூஜ்யம்தான்!

அந்தக் கிறிஸ்துமசுக்கு கிழவரும் வாலிபரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். 'ஏன் இந்தப் பூஜ்யம்?' என்று வாலிபர் யோசித்தார்.

காரணம் தெரிந்தது. மதுரைக்காரர்கள் போர்த்துக்கீசியரைப் "பரங்கி" என்றார்கள். மாட்டு இறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன் என்பது அதன் பொருள். பாதிரியாரோ, கிறிஸ்தவ மதத்தையே "பரங்கி மார்க்கம்" என்று சொல்லிக்கொண்டு இருந்தார். வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப இதைவிட நல்ல வழி வேறு உண்டா?

காவி உடை

நொபிலி கறுப்பு அங்கியைக் கழற்றினார். காவி கட்டினார். காலில் பாதக்குறடு, கையில் கமண்டலம். இறைச்சியை விட்டார். ஒரு வேளை சோறு, பால், காய்கறி. அவ்வளவுதான். பெர்னாண்டசை விட்டுப் பிரிந்து, தனியே ஒரு குடிசைக்குப் போய்விட்டார். தமிழும் தெலுங்கும் படித்தார். சிவதர்மர் என்ற பிராமணப் பண்டிதரிடம் சமஸ்கிருதமும் கற்றார். மக்கள் அவரைத் "தத்துவ போதகர்" என்று அழைத்தார்கள். "நான் பரங்கி அல்ல" என்று ஓலையில் எழுதி, வீட்டு வாசலிலேயே மாட்டி வைத்தார்.

முதலில் வந்தவர் யார் தெரியுமா? கிழவரின் பள்ளிக்கூடத்து வாத்தியார்! இருபது நாள் போல வாதம் நடந்தது. கடைசியில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஆல்பர்ட் என்று பெயர் சூட்டினார்கள். அது, நொபிலிக்கு ஆதரவு தந்த மாகாணத் தலைவர் ஆல்பர்ட்டோ லயர்சியோவின் பெயர்.

சொற்களையும் நொபிலி மாற்றினார். வழிபாட்டுக்குப் போர்த்துக்கீசியச் சொல் "மிஸ்ஸா". தமிழன் காதில் அது "மீசை" போல விழுந்தால் யார் தப்பு? கோவில், பூசை, வேதம், குரு, அருள், பிரசாதம் என்று தமிழர் அறிந்த சொற்களையே நொபிலி எடுத்துக்கொண்டார். பொங்கல் அன்று சிலுவையின் அடியில் பானை வைத்துப் பொங்கவும் அனுமதித்தார்.

புகார்

நொபிலியின் கடிதங்களில் மகிழ்ச்சி பொங்கியது. கிழவரின் கடிதத்தில் கோபம் பொங்கியது.

1610-ம் ஆண்டு பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 'குடுமி, பூணூல், சந்தனம் எல்லாம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். என்னோடு ஒட்டுவது இல்லை. என் கோவிலுக்கு வருவது இல்லை. இது என்ன கிறிஸ்தவம்?' என்பது புகாரின் சாரம்.

கிழவரின் கோபத்தைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. ஒரே ஊரில் பரதவருக்கு ஒரு கோவில், உயர்ந்த சாதி என்றவர்களுக்கு ஒரு கோவில். நொபிலி சாதியை எதிர்க்கவில்லை. அதை அனுசரித்தே நடந்தார். பின்னால், 1640-ம் ஆண்டில் இருந்து, மற்றச் சாதியாருக்கு என்று "பண்டாரசாமி" எனப்பட்ட பாதிரிமார் தனியாகவே வந்தார்கள். அந்தப் பிரிவினையின் வடு தமிழ்நாட்டுத் திருச்சபையில் இன்னும் மாறவில்லை.

வழக்கு 13 ஆண்டு நடந்தது. நடுவில், புதிதாக ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது என்று நொபிலிக்குத் தடையும் வந்தது. 1619-ம் ஆண்டு கோவாவில் கூடிய சபையில் கோவா பேராயரே அவருக்கு எதிராகப் பேசினார். 1623-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி போப்பாண்டவர் 15-வது கிரகோரி தீர்ப்புச் சொன்னார். சில நிபந்தனைகளோடு குடுமியும் பூணூலும் சந்தனமும் இருக்கலாம் என்றார். நொபிலி ஜெயித்தார்.

கடிதம் சரித்திரம் ஆனது

மதுரைப் பாதிரிமாரின் கடிதங்களில் ஞானஸ்நானக் கணக்கு மட்டும் இல்லை. மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது, படை வந்தது எல்லாம் இருக்கிறது. மைசூர்ப் படை மூக்கை அறுத்ததையும், மதுரைப் படை பதிலுக்கு மூக்கு அறுத்ததையும் புரோயன்சா பாதிரியார் 1659-ம் ஆண்டுக் கடிதத்தில் எழுதினார். திருமலை நாயக்கர் காலமானதும் அந்த வருஷம்தான். 1924-ல் சத்தியநாத ஐயர் மதுரை நாயக்கர் சரித்திரத்தை எழுதியபோது, இந்தக் கடிதங்களை மொழிபெயர்த்துப் பின்னால் சேர்த்தார்.

நொபிலி கடைசி நாட்களை மயிலாப்பூரில் கழித்தார். கண் பார்வை மங்கிப்போயிற்று. 1656-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி காலமானார்.

பெர்னாண்டஸ் என்ன ஆனார்? புகார் எழுதிய கையால் அவர் ஒரு புத்தகமும் எழுதினார். மதுரையில் தம் கண்ணெதிரே வாழ்ந்த இந்துக்களின் சடங்குகள், பழக்க வழக்கங்கள் எல்லாவற்றையும் 1616-ம் ஆண்டு போர்த்துக்கீசிய மொழியில் எழுதி வைத்தார். அது 357 ஆண்டு கழித்து, 1973-ல் அச்சாகி வெளிவந்தது.