கடலோரத்தில் ஒரு செம்மணல் பாலை

கோவை மாணவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புதிதல்ல. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் அதே தென்மேற்குப் பருவக்காற்று நுழைகிறது. மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் அக்காற்று, தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாக மணலை வாரிக் குவித்திருக்கிறது. அந்த மணல்மேடுகளே ‘தேரி’ எனப்படுகின்றன. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அவை சிவந்து காணப்படுகின்றன.

விடுமுறையில் திருச்செந்தூரில் தங்குவோர் குதிரைமொழித் தேரியைக் காலையிலேயே பார்த்துவிடலாம். நண்பகலில் மணல் காலைச் சுட்டுவிடும்!

இந்தச் சுடுமணலின் நடுவே, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலருகே நன்னீர்ச் சுனை ஒன்று உள்ளது. எப்படி? வடகிழக்குப் பருவமழையை மணல் உடனே உறிஞ்சி அடியில் சேர்த்துக்கொள்கிறது. மேல்மணல் காய்ந்தாலும், ஆழத்திலுள்ள நீர் எளிதில் ஆவியாவதில்லை.

கடலோர நிலத்தடி நீர் உப்பாகாதது ஏன்? ஒரு லிட்டர் நன்னீரின் எடை 1,000 கிராம். கடல்நீரின் எடை சுமார் 1,025 கிராம். எனவே நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. வேறுபாடு 25 கிராம். 1,000-ஐ 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 40 வரும். அதாவது, கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும்.

மேலே 1 மீட்டர் குறைந்தால்? கீழிருந்து உப்புநீர் நாளடைவில் 40 மீட்டர் ஏறிவிடும்! ஆகவே, கடலோரத்தில் அளவின்றி நீர் இறைப்பதும் தேரி மணலை அள்ளுவதும் ஊர்க் கிணறுகளுக்கே ஆபத்தாகும். தேரி வெறும் மணல்மேடு அன்று. இயற்கை அமைத்த நீர்த்தொட்டி.