திடீரென அணையும் கணினியும் அளவை நெறியும்

கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் எழுதுகோல்போல் இன்றியமையாத கருவியாகக் கணினி இன்று அமைந்துவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டு இல்லங்கள் பலவற்றில் அது பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளாலோ, கடல் கடந்து வாழும் உறவினர் உதவியாலோ வந்து சேர்ந்ததாகும். அத்தகைய கருவி, மாணவன் ஒருவன் பல நாள் முயன்ற கட்டுரையின் இறுதிப் பக்கத்தை எழுதுகையில் முன்னறிவிப்பின்றி அணைந்துவிடுமாயின் இழப்புச் சிறிதன்று. அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. காரணம் அறியாது நல்ல உறுப்பைக் கழற்றி எறிதலும், ஈற்றில் கருவியையே கைவிடுதலும் அதுவாம். ஆதலின் காரணங் காணும் முறையை அறிந்திருத்தல் நன்று.

உண்மையை அறிதற்குரிய வழிகளை நம் முன்னோர் அளவை என்றனர். அளவைகளைப் பத்தாக விரித்துரைப்பாரும் உளர் எனினும், அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞானசித்தியாரின் துணிபு. மெய்ப்பொருளை ஆராய்தற்கு வகுத்த அந்நெறி, பழுதுற்ற பொறியை ஆராய்தற்கும் பொருந்துவதேயாம்.

முதலாவது காண்டல். கணினி அணையும் கணத்தில் அறையின் விளக்கும் மங்கியதா? தொடங்கிய சில நிமிடங்களில் அணைகின்றதா, நெடுநேரம் உழைத்த பின்னரா, மின்வடம் அசைந்தவுடனா? தானே மீண்டும் தொடங்குகின்றதா, அணைந்தே கிடக்கின்றதா? இவற்றை நாளும் நேரமும் இட்டு ஒரு தாளிற் குறித்து வருதல் வேண்டும். ஒரு கிழமைக்குள் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு புலப்படும்.

இரண்டாவது உரை. கணினி தனக்கு நேர்ந்தவற்றைத் தானே எழுதிவைக்கும் இயல்புடையது. விண்டோஸ் முறைமையின் நிகழ்வுப் பதிவேட்டில் 'கேர்னல் பவர்' என்னும் பெயரோடு 41 என்னும் எண் காணப்படின், கருவி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதே அதன் பொருள். ஏன் நின்றது என்பதை அவ்வெண் கூறாது. அப்பதிவின் விரிவிற் காணும் பிழைக்குறி பூச்சியமாயின் மின்சாரம் திடீரென அற்றிருத்தல் கூடும். வேறோர் எண்ணாயின் நினைவகத்திலோ மென்பொருளிலோ குற்றத்தைத் தேடலாம். உரையளவையைக் கொள்வார் அதன் எல்லையையும் அறிந்து கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது கருதல். மலையிற் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிவதுபோல, கண்ட குறிகளிலிருந்து காணாத காரணத்தைத் துணிதல் இது.

விளக்கும் உடன் மங்கின் குற்றம் பெரும்பாலும் மின்வழங்கலினது. நம் நாட்டு மின்சாரம் 230 உவோல்ற்று அழுத்தமும் செக்கனுக்கு 50 சுற்றும் உடையது. ஒரு சுற்றின் காலம் 20 மில்லிசெக்கன். கணினியின் மின்வழங்கிப் பெட்டியோ முழுச்சுமையில் ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் மட்டுமே மின்சாரமின்றித் தாங்கவல்லது. ஆகவே, சுழலும் விசிறி பொருட்படுத்தாத சிறு தடையும் கணினியை அணைத்துவிடும். 1990 முதற் சில ஆண்டுகள் குடாநாட்டு மாணவர் மண்ணெண்ணெய் விளக்கொளியிற் கற்றனர். 2013இல் சுன்னாகம் மீண்டும் நாட்டின் பெருமின்வலையோடு இணைந்தது. எனினும் 2022 மார்ச்சுத் திங்களிறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆந் தேதி நாடு முழுவதும் இருண்டது.

இதற்கு மாற்றாக 'யூ.பி.எஸ்.' என்னும் தடையிலா மின்வழங்கியைப் பலர் வைத்துளர். அதன் ஈயவமில மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். வெப்பமிக்க அறையில் இன்னும் விரைவில் இழக்கும். கணினியை நீக்கி மேசை விளக்கொன்றை அதனோடு இணைத்துச் சுவர்ச் செருகியைக் கழற்றுக. விளக்கு உடனே அணையின், காவலனே நோயுற்றான் என்பது தெளிவு.

விளக்கு மங்காதிருக்கக் கணினி மட்டும் சில நிமிடம் ஓடி அணைந்து, உடனே தொடக்கின் முன்னிலும் விரைவில் அணைந்து, ஒரு மணி நேரம் ஆறியபின் நெடுநேரம் ஓடுமாயின், காரணம் வெப்பம் எனத் துணியலாம். செயலியின் வெப்பநிலை ஏறத்தாழ 100 பாகை செல்சியசை அணுகின், அது எரிந்துபோகாவண்ணம் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அவ்வணைவு பழுதன்று, காப்பேயாம். வலிகாமத்துச் செம்மண் தூசும், சோளகக் காற்று வாரியிறைக்கும் மணலும் வெப்பந்தணிக்கும் தகடுகளின் இடையை அடைத்துவிடும்; காண்டாவன வெயில் எஞ்சியதைச் செய்யும். செருகியைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, விசிறி சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொண்டு மென்றூரிகையால் தூசு நீக்குக. செயலிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப்பசை உலர்ந்திருப்பின் புதிதாக இடுதல் வேண்டும்.

வெப்பமும் இன்றி, வெளி மின்சாரமும் சீராயிருக்க, கடினமான பணி தொடங்கியவுடன் அணையின் மின்வழங்கிப் பெட்டி ஐயத்துக்குரியது. தாய்ப்பலகையிலுள்ள கொள்ளளவிகளின் தலை வீங்கியிருத்தலும் ஒரு குறியாம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் இல்லத்தில் எவரும் திறத்தலாகாது. செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள் உயிருக்கு ஊறு செய்யவல்ல மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இங்கு ஒழிபு என்னும் அளவை பெரிதும் உதவும். பொருத இருவருள் ஒருவன் வென்றான் எனின் மற்றவன் தோற்றான் என அறிதல் அது. சுவர்ச்செருகி, மின்வடம், தடையிலா மின்வழங்கி, தூசு, நினைவகம், மின்வழங்கிப் பெட்டி என எளியதும் செலவற்றதும் முதலாக ஒவ்வொன்றாக மாற்றி நோக்குதல் வேண்டும். ஒரே வேளையில் இரண்டை மாற்றின், கருவி நலம் பெறினும் அறிவு நலம் பெறாது. எதனால் தீர்ந்தது என்பது விளங்காமையால், நல்ல உறுப்பொன்று குப்பையிற் சேரும்.

எத்துணைக் காத்தும் கருவி ஒருநாள் அணைதல் கூடும். எழுதியவற்றை அவ்வப்போது சேமித்தலும், வேறோரிடத்தில் ஒரு படி வைத்தலும் அதனால் இன்றியமையாதன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது, வேறு படியில்லாத ஏடுகள் மீளாது அழிந்தன. அவ்விழப்பை அறிந்த மண்ணில், ஒரு மாணவன் தன் கட்டுரைக்கு இரண்டாம் படி எடுத்துவைத்தல் வீண் அச்சமன்று, கற்றதன் பயனேயாம்.