அரண்மனை விட்டுப் போன நாற்காலிகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துப் பழைய வீடுகளின் சாய்வு நாற்காலிக்கு நீண்ட கைகள் எதற்கு? அழகுக்கல்ல, காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள.

இதே நியாயம்தான் இந்தூரில், மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கரின் மாணிக் பாக் அரண்மனையிலும். 1930களின் தொடக்கத்தில் அதைக் கட்டிய ஜெர்மன் கட்டடக் கலைஞர் எக்கார்ட் முத்தேசியஸ், நாற்காலிகளையும் தானே வடிவமைத்தார். சிவப்பு நாற்காலி ஒன்றில் படிக்கும் விளக்கு உடம்போடு சேர்ந்தே இருக்கும். கொத்துவேலை, சிங்கக்கால் எதுவும் கிடையாது. ராஜா வீட்டில் இது துணிச்சல்தான். ஐலீன் கிரே, லெ கொர்புசியே ஆகியோரின் இருக்கைகளும் வந்து சேர்ந்தன.

1961-இல் மகாராஜா மறைந்தார். 1980-இல் மொனாக்கோவில் சோத்பீஸ் ஏலம் போட, சாமான்கள் திசைக்கொன்றாகப் போயின. 2019-இல் அவற்றில் பலவற்றைத் தேடிச் சேர்த்துக் காட்சிக்கு வைத்தது பாரிஸ் அருங்காட்சியகம்.

மாணிக் பாக், வரித்துறை அலுவலகமாகிவிட்டது. நாற்காலிகளுக்கு அங்கே குறைவில்லை, எல்லாம் சர்க்கார் நாற்காலிகள்.