மழைமானியின் கணக்கைக் கணிப்பொறியில் வாங்கும் முறை

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலூகாக்களின் கரிசல் நிலங்களில் பருத்தி, சோளம், கம்பு, உளுந்து முதலியவற்றைச் சாகுபடி செய்யும் மானாவாரி விவசாயிகளுக்கு மழைக் கணக்கே முதற் கணக்காகும். புரட்டாசி முற்பகுதியில் புழுதி விதைப்புச் செய்வோர் விதையைச் சுமார் 5 செ.மீ. ஆழத்தில் இடுவதன் நோக்கம் யாதெனில், சிறு தூறலுக்கு அது முளைத்துக் கருகாமல், போதிய மழை பெய்த பின்னரே முளைக்கவேண்டும் என்பதாம். ஓரூரில் உழவு மழை பெய்த அன்று, அடுத்த ஊரில் தூறலும் இல்லாமற் போவதுண்டு. ஆகையால் மழையை அவ்வவ்விடத்திலேயே அளத்தல் அவசியமாகும்.

சாதாரண மழைமானியைத் தினந்தோறும் காலை 8.30 மணிக்கு ஒருவர் சென்று பார்த்தெழுத வேண்டும். தானியங்கி மழைமானியிலோ, ஏற்றப்பலகைபோல் அசையும் இரு சிறு கிண்ணங்கள் உள்ளன. ஒன்று நிறைந்தவுடன் சாய்ந்து நீரைக் கொட்டும். மற்றொன்று நிரம்பத் தொடங்கும். ஒரு சாய்வு 0.2 மி.மீ. மழைக்குச் சமமாயின், 100 சாய்வுகள் 20 மி.மீ. ஆகும். இது ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 80,000 லிட்டர் நீராகும்.

சாய்வுகளை எண்ணிவைக்கும் பதிவுப் பெட்டியில் 'சீரியல் போர்ட்' என்னும் வாயில் ஒன்றுண்டு. இதன் வழியே எழுத்துக்கள், ஒற்றையடிப் பாதையில் மாடுகள் செல்வதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகக் கணிப்பொறிக்குச் செல்லும். அனுப்ப ஒன்று, பெற ஒன்று, பொதுவில் ஒன்று என மூன்று கம்பிகள் போதும். ஆர்.எஸ்.-232 முறையில் கம்பியின் நீளம் சுமார் 15 மீட்டருக்குள் இருத்தல் நலம். தொலைவு மிகுமாயின் ஆர்.எஸ்.-485 முறை ஏற்றது.

முன்னர் இக்கணக்கை வாங்கத் தனிச் செயலி ஒன்றைக் கணிப்பொறியில் நிறுவவேண்டியிருந்தது. 2021-ஆம் வருஷத்தில் வெளிவந்த குரோம் 89-ஆம் பதிப்பு முதல், 'வெப் சீரியல்' என்னும் வசதியால் இணையப் பக்கமே பெட்டியிடமிருந்து நேராகப் படிக்கக்கூடும். பக்கம் பாதுகாப்பான முகவரியில் இருத்தல் வேண்டும். உபயோகிப்பவர் பொத்தானை அழுத்தி, வாயிலைத் தாமே தேர்ந்தெடுத்து அனுமதி தரவும் வேண்டும்.

இதில் கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது, இரு புறத்திலும் வேகம் ஒன்றாயிருத்தல் வேண்டும். பெட்டி 9600 வேகத்தில் அனுப்ப, பக்கம் 4800-இல் படிக்குமாயின் பொருளற்ற குறிகளே தோன்றும். இரண்டாவது, செய்தி துண்டு துண்டாக வந்துசேரும். '24.6' என்பது முதலில் '2' என்றும், பிறகு '4.6' என்றும் வரலாம். வரி முடிவுக் குறி வருமளவும் பொறுத்திருந்து சேர்த்தெழுதாவிடில், உழவு மழை தூறலாகப் பதிவாகும். மூன்றாவது, பெட்டியின் கடிகாரம் சரியாயிருத்தல் வேண்டும்; இன்றேல் ஒரு நாளின் மழை மறுநாட் கணக்கில் ஏறிவிடும்.

இவையனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. கம்பி அறுந்தோ, மின்சாரம் நின்றோ செய்தி வராத நாளை '0' என்று எழுதலாகாது. மழை பெய்யவில்லை என்பது வேறு. மழை அளக்கப்படவில்லை என்பது வேறு. விதைப்பும், வறட்சி நிவாரணமும், பயிர்க் காப்பீடும் மழைக் கணக்கைத் தழுவி நிற்கும்போது, பொய்யான பூஜ்யம் ஒன்று ஒரு கிராமத்தின் கணக்கையே புரட்டிவிடும். அத்தகைய நாளை வெற்றிடமாக விட்டுக் காரணத்தைக் குறித்தலே முறை. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை விசேஷமாய்க் கவனிப்பார்களாக.

கருவி சரியாயுள்ளதா என்பதை எவரும் சோதிக்கலாம். வாய்ப் பரப்பு 200 சதுர செ.மீ. உள்ள மானியில் 400 மி.லி. நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், 20 மி.மீ. என்று காட்டவேண்டும். விரைந்து ஊற்றினால் கணக்குக் குறையும். புனலில் விழும் சருகையும் கரிசற் புழுதியையும், புரட்டாசி பிறக்குமுன் ஒருமுறை அவசியம் துடைத்தெடுக்க வேண்டும். அருகில் சாதாரண மழைமானி ஒன்றையும் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு வருதல் உத்தமம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரந்தோறும் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியுள்ளது. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் அதன் மண்டல ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. தம் ஊர்க் கணக்கை அவற்றோடு ஒத்துப்பார்த்து விதைக்கும் விவசாயி, விதையையும் கூலியையும் வீணாக்கார்.