வந்த வேளை!

வீட்டை விட்டுக் கிளம்பும்போது பூனை குறுக்கே போனால், திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிறவர்கள் நாம். இங்கிலாந்திலோ கறுப்புப் பூனை குறுக்கே போனால் அதிர்ஷ்டம் என்பார்களாம்! 1984-ம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் டேவிட் கோவரும் அவருடைய கிரிக்கெட் கோஷ்டியும் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது எந்தப் பூனை எந்தப் பக்கமாகப் போயிற்றோ தெரியாது. அவர்கள் வந்து இறங்கிய வேளை மட்டும் விரோதிக்குக்கூட வரக்கூடாத வேளை.

அவர்கள் டில்லி மண்ணை மிதித்தது அக்டோபர் 31-ந் தேதி விடிகாலை. பெட்டி படுக்கையை ஹோட்டல் அறையில் வைத்துவிட்டு ஒரு தூக்கம் போடலாம் என்று படுத்திருப்பார்கள். காலை ஒன்பது மணி சுமாருக்கு, சில மைல் தூரத்தில், பிரதம மந்திரி இந்திரா காந்தியை அவருடைய வீட்டுத் தோட்டத்திலேயே அவருடைய மெய்காப்பாளர்கள் இருவர் சுட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு டில்லியில் நடந்ததை இங்கே விரித்துச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு பாவமும் அறியாத சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். தெருத் தெருவாக நெருப்பு எரிந்த அந்த நாட்களில், கிரிக்கெட் மட்டையும் பந்தும் யாருக்கு வேண்டும்?

அதே தினம் நம் இந்தியக் கோஷ்டி எங்கே இருந்தது தெரியுமா? பாகிஸ்தானில், சியால்கோட் நகரத்தில் ஒரு நாள் பந்தயம் ஆடிக்கொண்டிருந்தது. வெங்சர்க்கார் 94 ரன் எடுத்து, சதத்துக்கு ஆறே ஆறு ரன் பாக்கி என்று நின்றிருந்தார். இந்தியாவின் ஆட்டம் முடிந்த கையோடு செய்தி வந்தது. பந்தயம் அப்படியே நின்றது. பாக்கிச் சுற்றுப்பயணமும் ரத்து. ஒரே நாளில் இரண்டு தேசங்களில் இரண்டு கிரிக்கெட் பயணங்கள் நடுத்தெருவில் நின்றன!

இங்கிலாந்துக்காரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு இலங்கைக்குப் போனார்கள். அங்கே கொஞ்சம் பயிற்சி செய்துகொண்டு, இந்தியாவில் நிலைமை எப்படி என்று பார்த்துத் திரும்பலாம் என்பது யோசனை. அமைதியைத் தேடிக் கொழும்புக்குப் போவதா என்று நம் தமிழ் நேயர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். 1983 ஜூலைக் கலவரம் நடந்து அப்போது ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. இருந்தாலும் அந்தச் சமயத்தில் டில்லியைவிடக் கொழும்பு தேவலை என்று ஆகிவிட்டது. காலக் கோலம்!

நவம்பரில் திரும்பி வந்தார்கள். பயணத் திட்டம் மாற்றி எழுதப்பட்டது. முதல் டெஸ்ட் பந்தயம் பம்பாயில், நவம்பர் 28-ந் தேதி.

26-ந் தேதி மாலை, பம்பாயில் இருந்த பிரிட்டிஷ் துணை ஹைகமிஷனர் பெர்ஸி நாரிஸ், ஆட்டக்காரர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். வெளியூரில் நம்மவர் ஒருவர் கூப்பிட்டு உபசாரம் செய்தால் மனசுக்கு எவ்வளவு இதமாக இருக்கும்! ஒரு மாதமாக அலைந்து திரிந்த அந்த வாலிபர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கை குலுக்கினார்கள், சிரித்துப் பேசினார்கள், விடைபெற்றுக்கொண்டார்கள்.

மறுநாள் காலை நாரிஸ் காரில் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

முதல் நாள் இரவு விருந்து கொடுத்தவர் மறுநாள் காலையில் இல்லை. டெஸ்ட் பந்தயம் தொடங்க இன்னும் ஒரே ஒரு நாள். ஆட்டக்காரர்களில் பலர் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். பிரிட்டிஷ்காரன் என்பதற்காகச் சுட்டார்களா? அப்படியானால் அடுத்தது யார்? வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை அணிந்து, மறைந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத பசும்புல் வெளியில், நாளெல்லாம் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு நடுவே நிற்கவேண்டிய பிழைப்பு அவர்களுடையது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒருவருக்குத் தோன்றினால் அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு வாய் வராது. சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு அடுத்தவனைத் தைரியமாக இருக்கச் சொல்வது மிகவும் சுலபம்!

போவதா, இருப்பதா என்ற பேச்சு பலமாக நடந்தது. கடைசியில் இருந்து ஆடுவது என்று முடிவாயிற்று. 28-ந் தேதி காலை வான்கடே மைதானத்தில் பந்தயம் தொடங்கியது.

இங்கே போலீஸ்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தய மைதானத்தில் எல்லைக் கோட்டுக்கு வெளியே காவல் நிற்கும் போலீஸ்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். ஜனங்களின் முகத்தைத்தான் பார்க்கவேண்டும். பின்னால் ‘ஓ’ என்று ஆரவாரம் எழுந்தால், அது சிக்ஸரா, விக்கெட்டா என்று எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்தே ஊகித்துக்கொள்ளவேண்டும்! டிக்கெட்டு கிடைக்காமல் தவிக்கிறவர்கள் ஆயிரம் பேர். டிக்கெட்டு இல்லாமலே உள்ளே வந்தும் ஒரு பந்துகூடப் பார்க்க முடியாதவர் இவர் ஒருவர்தான்.

இனி, ஆட்டம். பயத்தோடு ஆடியதாலோ என்னவோ, இங்கிலாந்து முதல் ஆட்டத்தில் 195 ரன்னுக்குள் சுருண்டது. பயம் மட்டும் காரணம் அல்ல. காரணத்தின் பெயர் எல். சிவராமகிருஷ்ணன்! நம் சென்னைப் பையன். வயது பதினெட்டு. 1983-ல் பதினேழு வயதிலேயே மேற்கு இந்தியத் தீவுகளில் ஒரு டெஸ்டு ஆடி, ஒரு விக்கெட்டும் கிடைக்காமல் திரும்பியவர். பம்பாயில் அவருக்கு இரண்டாவது டெஸ்ட். மணிக்கட்டைச் சுழற்றிப் போட்ட பந்து உள்ளே வருமா, வெளியே போகுமா என்று தெரியாமல் இங்கிலாந்துக்காரர்கள் விழித்தார்கள். முதல் ஆட்டத்தில் 64 ரன்னுக்கு 6 விக்கெட். இரண்டாவதில் 117 ரன்னுக்கு 6 விக்கெட். சாஸ்திரி 142, கிர்மானி 102. இந்தியாவுக்கு எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. டெஸ்ட் வெற்றி என்ற ஒன்றை இந்தியா கண்ணால் கண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

இங்கிலாந்தின் தரப்பில் ஒரே ஆறுதல், உதவிக் காப்டன் மைக் காட்டிங் அடித்த 136. வருஷக் கணக்காக டெஸ்ட் ஆடியும் சதம் என்பதையே பார்க்காமல் இருந்தவருக்கு, அந்தப் பயங்கரமான வாரத்தில்தான் முதல் சதம் கிடைத்தது. சிலருக்கு வீட்டில் சௌக்கியமாக இருக்கும்போது வேலை ஓடாது. தலைக்கு மேல் வெள்ளம் போகும்போதுதான் ஓடும்!

பம்பாய்ப் பந்தயம் முடிந்தது டிசம்பர் 3-ந் தேதி. அன்று விடிவதற்கு முன்புதான் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்த வருஷக் கடைசியில் பத்திரிகையைப் பிரிக்கவே கை நடுங்கிற்று.

அடுத்த டெஸ்ட், டில்லியிலேயே. ஐந்தாவது நாள் சமமாக முடியும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த வேளையில், இந்தியாவின் கடைசி ஆறு விக்கெட்டுகள் 28 ரன்னுக்குள் சரிந்தன. கபில் தேவ் ஒரு சிக்ஸர் அடித்தார். உடனே இன்னொன்றுக்கு ஆசைப்பட்டு ‘காட்ச்’ கொடுத்தார். இங்கிலாந்து எட்டு விக்கெட்டில் ஜெயித்தது. கபிலையும் சந்தீப் பாட்டீலையும் கல்கத்தா டெஸ்டிலிருந்து விலக்கினார்கள். உலகக் கோப்பையை வாங்கித் தந்தவரையே விலக்கலாமா என்று தேசமே இரண்டாகப் பிரிந்து வாதாடிற்று. கல்கத்தாவில் ஆட்டம் நத்தை வேகத்தில் நகர்ந்து வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அங்கே அஸாருத்தீன் என்ற ஐதராபாத் வாலிபர் தம் முதல் டெஸ்டிலேயே 110 அடித்தார் என்பதைத் தவிர, சொல்லிக்கொள்ள விசேஷம் இல்லை.

பிறகு சென்னை. பொங்கல் டெஸ்ட்!

சேப்பாக்கத்துப் பொங்கல் டெஸ்ட் என்றால் என்ன என்று பழைய சென்னைவாசிகளைக் கேட்கவேண்டும். கையில் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம், தலைக்கு ஒரு தொப்பி, மடியில் டிரான்ஸிஸ்டர். எதிரே நடக்கும் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதை ரேடியோவிலும் கேட்டால்தான் சிலருக்குத் திருப்தி! 1985 ஜனவரி 13-ந் தேதி, போகிப் பண்டிகையன்று பந்தயம் தொடங்கியது. ஊர் அப்போதுதான் தேர்தல் அமளியிலிருந்து எழுந்திருந்தது. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே தேர்தலில் ஜெயித்திருந்தார்.

இந்தியா 272 ரன்னுக்கு அவுட். நீல் பாஸ்டர் என்ற நெட்டையான வேகப் பந்துக்காரர், அந்தத் தொடரில் முதல் தடவையாக இடம் பிடித்தவர், ஆறு விக்கெட்டைச் சாய்த்துவிட்டார். பிறகு ஆட வந்த இங்கிலாந்துக்காரர்கள் பொங்கல் விருந்துக்கு வந்த மாப்பிள்ளைகள் மாதிரி எழுந்திருக்கவே இல்லை. கிரேம் பௌலர் 201. (பெயர்தான் பௌலர், தொழில் மட்டை பிடிப்பது!) காட்டிங் 207. ஒரே ஆட்டத்தில் இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் இரட்டைச் சதம் அடித்தது டெஸ்ட் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. ஏழு விக்கெட்டுக்கு 652 என்று ஆட்டத்தை முடித்துக்கொண்டார்கள். பம்பாயில் அவர்களை ஆட்டிவைத்த நம் சிவாவின் பந்து சொந்த ஊரில் பலிக்கவில்லை. அஸாருத்தீன் 105, அமர்நாத் 95 என்று இந்தியா மறுபடி 412 எடுத்தும் போதவில்லை. பாஸ்டர் இன்னும் ஐந்து விக்கெட் எடுத்தார். ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி.

ஜனங்கள் முகம் வாடித்தான் போனார்கள். ஆனால் சேப்பாக்கத்துக்கு ஒரு குணம் உண்டு: ஆட்டம் நன்றாக இருந்தால் ஆடியவன் யார் என்று கேட்காமல் கை தட்டும். 1999-ல் பாகிஸ்தான் கோஷ்டி வந்தபோதும் இப்படித்தான். டில்லி மைதானத்தின் பிட்ச்சையே யாரோ தோண்டிப் போட்டு, தேசமெங்கும் மிரட்டல் கிளம்பியிருந்தது. சென்னையில் டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. கண்ணைத் துடைத்துக்கொண்ட ஜனங்கள், எழுந்து நின்று பாகிஸ்தான்காரர்களுக்குக் கை தட்டி அனுப்பினார்கள்.

2008-ல் பம்பாய்த் தாக்குதலால் பாதியில் ஊர் திரும்பிய இங்கிலாந்து, மறுபடி வந்து டெஸ்ட் ஆடச் சம்மதித்தபோதும் முதல் பந்தயம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. ஆமதாபாதில் நடக்க இருந்த டெஸ்டைத்தான் இங்கே மாற்றினார்கள். அவர்களுடைய ஸ்டிராஸ் இரண்டு ஆட்டத்திலும் சதம் அடிக்க, கடைசி நாள் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 103 எடுத்து, 387 என்ற இலக்கை இந்தியா எட்டிப் பிடித்தது. அந்தச் சதத்தைப் பம்பாயில் மாண்டவர்களுக்கு அவர் அர்ப்பணித்தார்.

1985-க்குத் திரும்புவோம். கான்பூரில் கடைசி டெஸ்ட் சமமாக முடிந்தது. அஸாருத்தீன் அங்கேயும் சதம். மூன்று டெஸ்டில் மூன்று சதம்! தொடர் இரண்டுக்கு ஒன்று என்று இங்கிலாந்துக்கு. இந்த இங்கிலாந்து எது தெரியுமா? அதற்கு முந்தின கோடையில் சொந்த மண்ணில் மேற்கு இந்தியத் தீவுகளிடம் ஐந்துக்கு ஐந்து டெஸ்டும் தோற்ற கோஷ்டி. ஊரிலே உதைபட்டு, வந்த இடத்திலே துப்பாக்கிச் சத்தம் கேட்டு, முதல் டெஸ்டும் தோற்றவர்கள், கோப்பையோடு வீடு திரும்பினார்கள்.

சென்னையில் 201 அடித்தாரே பௌலர், அவர் கான்பூரில் ஆடியதுதான் கடைசி டெஸ்ட். தென் ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆடியதற்காக மூன்று வருஷம் விலக்கி வைக்கப்பட்டிருந்த கிரஹாம் கூச் அந்தக் கோடையில் திரும்பி வந்ததும், இவருக்கு இடம் இல்லாமல் போயிற்று. நம் சிவராமகிருஷ்ணன் அந்தத் தொடரில் எடுத்தது 23 விக்கெட். அவர் டெஸ்ட் வாழ்க்கை முழுவதிலும் எடுத்தது 26. ஒன்பது டெஸ்டுகளோடு அது முடிந்தது. பிற்காலத்தில் அவர் வர்ணனையாளராகி, மற்றவர்கள் போடும் பந்து உள்ளே வருமா, வெளியே போகுமா என்று நமக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.