சரிவு நிலத்தில் மண் வீடு: முதல் வேலை வாய்க்கால்!

டில்லியில் பணிபுரியும் நம்மவர் பலருக்கு, ஓய்வு பெற்றபின் ஊரில் ஒரு சிறு வீடு கட்டிக்கொள்ள ஆசை. சேமிப்போ சொற்பம். நீலகிரி, சேர்வராயன் மலைப் பக்கத்துக்காரர்களுக்கு நிலமும் சரிவானது. சிமெண்டும் செங்கல்லும் மேலே ஏற்றுகிற வண்டிக்கூலியே கையிருப்பைக் கரைத்துவிடும். இவர்களுக்கு ஹிமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கு நல்ல வழிகாட்டி.

தர்மசாலாவை அடுத்த சித்பாரியில் வாழ்ந்தவர் டீடி கான்ட்ராக்டர். 1929-ல் அமெரிக்காவில் பிறந்த இந்த அம்மையார் கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் அவ்விடத்து மண், மூங்கில், ஆற்றுக்கல், ஸ்லேட் பலகை ஆகியவற்றைக் கொண்டே பல வீடுகளையும் ஒரு மருத்துவ நிலையத்தையும் எழுப்பினார். 2019-ல் நாரி சக்தி விருது பெற்றார், 2021-ல் காலமானார்.

தண்ணீரே எதிரி

மண் சுவருக்குச் சுமை தாங்கும் வலு உண்டு; ஈரம் தாங்கும் வலு இல்லை. ஆகவே சரிவில் முதலில் வெட்ட வேண்டியது, மேலிருந்து வரும் மழைநீரை வீட்டைச் சுற்றித் திருப்பிவிடும் வாய்க்கால். அஸ்திவாரம் அதற்குப் பிறகுதான்.

மேட்டை வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, அதன்மேல் சுவர் வைக்கக் கூடாது. பாதி கெட்டி நிலத்திலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும் வீடு ஒரு பக்கமாக இறங்கிப் பிளக்கும். கடைக்காலைக் கெட்டி நிலம் வரை, படிப்படியாக, ஒவ்வொரு படியும் மட்டமாக இருக்கும்படி தோண்ட வேண்டும். வெட்டிய மேட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவே ஆள் நடமாட இடம் விடவேண்டும். தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது கல் கட்டு. அதன் பிறகே மண் சுவர். கூரை சுவரைத் தாண்டி நன்கு வெளியே நீள வேண்டும்.

வேரும் தழையும் கலந்த மேல்மண் தோட்டத்துக்கு. சுவருக்கு அடிமண்தான். அதில் ஒரு பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், மறுநாள் மணல் அடியிலும் களி மேலுமாகப் படிந்திருக்கும். களி அதிகமானால் சுவர் வெடிக்கும். மிகக் குறைந்தால் உதிரும்.

பூகம்பப் பாடம்

1905 ஏப்ரல் 4-ல் காங்க்ரா பூகம்பத்தில் சுமார் 20,000 பேர் மாண்டனர். நில நடுக்கமுள்ள இடங்களில் நான்கு சுவர்களையும் பிணைக்கும் மரக் கட்டு அவசியம். இதற்குத் தேர்ந்த கொத்தனாரையோ பொறியாளரையோ கலந்துகொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் லீவில் ஊர் செல்வோர், மழை பெய்கையில் குடையுடன் நிலத்தில் நின்று, தண்ணீர் எவ்வழி ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று குறித்துவரலாம். இதற்குக் காசு செலவில்லை. மழை ஓய்ந்து தை பிறந்ததும், அந்தக் குறிப்பை வைத்தே முதல் மண்வெட்டியைப் போடலாம்.